வரிசையில் ஒரு கல்: கச்சிராயபாளையத்தில் பித்தாகரியர் ரகசியச் சங்கம் குறித்த ஆய்வு

ரேஷன் கடை திறப்பதற்கு முன் அதன் வாசலில் ஆட்களுக்குப் பதிலாக வரிசை கட்டி நிற்கும் கற்களையும் பைகளையும் ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓட்டுக்குக் கண்ணாடிப் பேழையும் விளக்கும் கிடைத்தன. கச்சிராயபாளையத்தில் மாதம் தவறாமல் கிடைக்கும் அரைச் செங்கல்லுக்கு ஒரு பதிவெண்கூடக் கிடையாது. மண்ணுக்கு அடியில் கிடப்பது தொல்பொருள், மண்ணுக்கு மேலே கிடப்பது வெறும் பொருள் என்ற மூடநம்பிக்கையே இதற்குக் காரணம். அந்தக் குறையைப் போக்குவதற்காக எழுதப்படும் இக்கட்டுரை நிறுவ வருவது இது: கி.மு. ஆறாம் நூற்றாண்டில், கிரேக்கர் குடியேறியிருந்த தென் இத்தாலியில் அதிகாரத்தைப் பிடிக்கப் புறப்பட்ட ரகசியச் சங்கம் ஒன்று அங்கே தோற்று, கல்வராயன் மலையடிவாரத்தில் வந்து ஜெயித்திருக்கிறது. அந்த வெற்றியின் சின்னமே வரிசையில் வைக்கப்படும் கல்.

முதலில் சான்றுப்பொருளை அருகில் போய்ப் பார்ப்போம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப் பக்கம் போனால் கோமுகி அணைக்கும் வெள்ளிமலைக்கும் வழிவிடும் ஊர் கச்சிராயபாளையம். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பு வண்டிகளின் வரிசைக்கும் பழகிய ஊர். மாதத்தின் முதல் வாரத்தில், இருட்டு பிரியும் நேரத்தில், பூட்டிய கடைக்கு முன்னால் தெரிவது இது. முதலில் ஒரு கருங்கல், இரண்டு கை சேர்ந்தால் தூக்கலாம். அடுத்தது பாதிச் செங்கல், அதன் முதுகில் சுண்ணாம்பால் ஒரு கோடு. மூன்றாவது ஜவுளிக்கடைக் கட்டைப்பை. காற்றில் பறக்காமல் இருக்க அதன் வயிற்றிலும் ஒரு கல் உண்டு, ஆக பையின் உயிரும் கல்லே. நான்காவது ஒரு காது அறுந்து கயிற்றால் கட்டிய ஒயர் கூடை. ஐந்தாவது மூடியில்லாத கேன். ஆறாவது செருப்பு, அதுவும் ஒற்றை. ஜோடியாக வைத்தால் ஜோடியாகவே போய்விடும் என்பது பட்டறிவு. கடைசியில், சில்லு விளையாட்டுக்கு ஆகிற அளவில் ஓர் ஓட்டுச்சில்லு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இன்னொரு பை நுழையக் கூடாது, எறும்பு நுழையலாம். சொந்தக்காரர்களில் சிலர் எதிர்த்திண்ணையில் இருக்கிறார்கள், சிலர் வீட்டில் உலை வைக்கிறார்கள், சிலர் கொல்லைக்குக் களை வெட்டப் போயிருக்கிறார்கள். காவலுக்கு யாரும் இல்லை. ஆனாலும் கடைசியாக வருகிறவர் தன் கல்லைக் கடைசியில்தான் வைக்கிறார். யாரும் பார்க்காத இருட்டில் ஒரு மனிதர் அடுத்தவர் செங்கல்லுக்கு மரியாதை செய்து பின்னால் போகிறார் என்றால், அங்கே ஒரு மதம் இருக்கிறது என்றுதான் பொருள்.

அந்த மதத்தின் மூலவர் பித்தாகரஸ். பள்ளிக்கூடத்தில் செங்கோண முக்கோணத்தோடு நம்மைப் படுத்தியவர் என்ற அளவில் நின்றுவிட்டோம்; அவர் கணக்கு வாத்தியார் மட்டும் அல்லர். சாமோஸ் தீவிலிருந்து கிளம்பி, கி.மு. 530 வாக்கில் தென் இத்தாலியின் குரோட்டன் நகரில் குடியேறி, ஒரு சங்கம் கண்டார். அதன் உறுப்பினர்கள் 300 பேர் என்பது பழைய மரபு. சேர்ந்தவர் ஐந்து வருடம் வாய் திறக்கக் கூடாது. குருவின் குரலைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கலாம், முகத்தைப் பார்க்க முடியாது. மொச்சை, அவரை இனத்தைத் தொடக் கூடாது. உள்ளே கேட்டதை வெளியே சொன்ன ஹிப்பாசஸ் கடலில் மூழ்கிச் செத்தார் என்று சங்கத்துக்கு வேண்டியவர்கள் திருப்தியோடு சொல்லிவந்தார்கள். ஆரம்பத்தில் எண்ணையும் ஆன்மாவையும் பேசியவர்கள், போகப்போக குரோட்டனின் ஆட்சியையே கையில் வைத்துக்கொண்டார்கள். சங்கத்தில் சேர விரும்பித் திருப்பி அனுப்பப்பட்ட சைலன் என்ற பணக்காரர் ஊரைக் கிளப்பிவிட்டார். மல்லர் மைலோவின் வீட்டில் கூடியிருந்த சங்கத்தாரை வீட்டோடு கொளுத்தினார்கள். தப்பியவர்கள் திசைக்கொருவராய்ச் சிதறினார்கள். வரலாற்று நூல்கள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கின்றன. நம் ஆய்வு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதற்சான்று கல். பித்தாகரியர்கள் எண்களைக் கூழாங்கல்லை அடுக்கியே படித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாலு வரிசையில் பத்துப் புள்ளி அடுக்கிய முக்கோணம் அவர்களுக்குத் தெய்வம். அதன்மேல்தான் சத்தியம் செய்தார்கள். இதைவிட அழுத்தமான சான்று யூரிட்டஸ் என்ற பித்தாகரியர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு என்று சொல்லி, மனித உருவத்தையும் குதிரை உருவத்தையும் கூழாங்கல் பதித்துக் காட்டியவர் அவர். அரிஸ்டாட்டிலே இதைக் குறிப்பிடுகிறார். மனிதனின் எண் 250 என்று வைத்துக்கொண்டால் 250 கல் வேண்டும் என்று பிற்கால உரையாசிரியர் ஒருவர் விளக்குகிறார். ஆளுக்குப் பதில் கல் என்ற தத்துவம் இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கே சொல்லப்பட்டிருக்கிறது? வேறுபாடு எண்ணிக்கையில்தான். யூரிட்டஸ் 250 கல் வைத்துக் காட்டிய மனிதனை, கச்சிராயபாளையத்தில் ஒரே கல்லில் காட்டிவிடுகிறார்கள். இடைப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டில் ஓர் அறிவியல் இவ்வளவாவது முன்னேற வேண்டாமா?

ஓட்டுச்சில்லின் சான்றும் இதற்குச் சளைத்ததன்று. ஏதென்ஸ் நகரத்தார் ஆபத்தானவர் என்று கருதிய ஒருவரைப் பத்து வருடம் ஊரைவிட்டு அனுப்ப, பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போட்டார்கள்; நீதிமன்றத்தில் கூழாங்கல்லைப் போட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். ஓட்டில் எழுதிப் போட்டது ஓட்டு ஆயிற்று என்பதைப் பச்சைக் குழந்தையும் ஒப்புக்கொள்ளும். ‘ஓட்டு’ ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பவர்களுக்கு ஒரே கேள்வி: ஆங்கிலேயர் வீட்டில் ஓடு இருந்ததா, இல்லையா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை தக்க மறுப்பு வரவில்லை. கேட்டு முடித்து ஒரு நிமிடம்தான் ஆகிறது என்பது வேறு விஷயம். வாக்குரிமைக்கும் கல்லுக்கும் உள்ள இந்த உறவு தெரிந்ததால்தான், வரிசையில் ஓட்டுச்சில்லு வைக்கிறவர்கள் தேர்தல் நாளிலும் அதே ஒழுங்கோடு வந்து நிற்கிறார்கள்.

இரண்டாம் சான்று வேதவாக்குகள். பித்தாகரியர்களுக்குக் காரணம் சொல்லாத கட்டளைகள் பல இருந்தன. அவற்றில் ஒன்று, கொய்னிக்ஸ் மீது உட்காராதே என்பது. கொய்னிக்ஸ் என்பது தானியம் அளக்கும் படி. ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாட்டுக்கான அளவு, அதாவது அசல் ரேஷன். படி மேல் உட்காராதே! தமிழ்நாட்டில் எந்தப் பாட்டி இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்? அவர் சொன்னது வாசற்படி, இவர்கள் சொன்னது அளக்கும் படி என்று அற்பக் காரணம் காட்டி இந்த ஒற்றுமையைத் தட்டிக்கழிப்பவர்களோடு வாதாடிப் பயனில்லை. இன்னொரு கட்டளை, தராசைத் தாண்டாதே என்பது. ரேஷன் கடையில் எடை போடும் இடத்தை யாரும் தாண்டுவதில்லை. தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதை எடை போடுபவரின் பார்வையே சொல்லிவிடும். திரைக்குப் பின்னாலிருந்து வந்த குருவின் குரலுக்கும் இங்கே நேர் சான்று உண்டு. கம்பிவலைக்குப் பின்னாலிருந்து முகம் தெரியாமல் ஒரு குரல் வருகிறது: “பருப்பு இன்னும் வரல.” சற்றுப் பொறுத்து இன்னொரு வாக்கு: “சர்வர் இல்ல.” வெளியே நிற்பவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஐந்து வருட மௌனப் பயிற்சி இல்லாமல் இது எப்படிச் சாத்தியம்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர் சொல்லாமை. பித்தாகரியர்கள் குருவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “அவரே சொன்னார்” என்பார்கள், அத்தோடு விவாதம் முடிந்தது. வரிசையில் ஒரு பையைக் காட்டி இது யாருடையது என்று கேட்டுப்பாருங்கள். “அவங்களுது” என்ற பதில்தான் வரும். எங்கே அவங்க? “வருவாங்க.” எப்போது? “சொல்லிட்டுத்தான் போனாங்க.” எழுத்து இல்லை, முத்திரை இல்லை, சாட்சி இல்லை, ஆனாலும் இந்த மூன்று பதில்களுக்கு மேல் எந்த நீதிமன்றமும் கிடையாது. அதிகாரம் என்பதற்குப் பலர் பல இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைச் சுருக்கினால், தான் இல்லாத இடத்திலும் தன் இடம் இருப்பதே அதிகாரம். கலெக்டர் இல்லாமல் போகும் கலெக்டர் காருக்கும் வழி விடுகிறோம் அல்லவா? அந்த மரியாதையை ஓர் அரைச் செங்கல் மூலம் அடைந்துவிட்ட சாதாரணக் குடும்ப அட்டைதாரரைத்தான் அதிகாரத்தைக் கைப்பற்றியவர் என்கிறோம்.

இனித் தடைகளுக்கு வருவோம். குரோட்டன் எங்கே, கச்சிராயபாளையம் எங்கே, யவனர் வந்தது கடற்கரைக்குத்தானே, மலையடிவாரத்துக்கு என்ன வேலை என்பது முதல் தடை. யவனர் மது சங்கப் பாடல்களில் இருக்கிறது, அரிக்கமேட்டில் அவர்களுடைய மதுச்சாடிகள் கிடைத்தன, இவை கடற்கரைச் சான்றுகள்தாம், ஒப்புக்கொள்வோம். ஆனால் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டைப் படிக்க வேண்டும். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்த நாடுகளை வரிசையாகச் சொல்லும்போது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி என்று வந்து, அடுத்தாற்போல் அந்தியோகன் என்ற யவன அரசனில் போய் நிற்கிறது. இந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. அதியன் நெடுமான் அஞ்சியையே சத்தியபுதோ என்று அது அழைக்கிறது. ஜம்பை இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆக, நம் மாவட்டத்துப் பாறையில் பெயருள்ளவரின் குலத்தாரும் கிரேக்க அரசரும் அசோகர் காலத்திலேயே ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதும் கல்லில்தான் பதிந்திருக்கிறது. ஜம்பைக் கல்வெட்டு எதைச் சொல்ல வந்தது? வந்து தங்குவோருக்காக ஒரு பாளி, அதாவது கல் இருப்பிடம், கொடுத்த செய்தியைத்தான். கல், இடம், அங்கே இன்னும் வராத ஆள் என்ற மூன்றும் ஒரே இடத்தில் கூடியபின் வேறு சான்று கேட்பது பேராசை.

இரண்டாம் தடை கனமானது. கல்லை ஆளுக்குப் பதிலாக நிறுத்துவது தமிழர்களின் சொந்த வழக்கம், அதற்குப் பெயர் நடுகல், கிரேக்கரிடம் கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன என்பார்கள். தொறு, அதாவது ஆநிரை, மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்ட மண் இது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கல்லுக்கும் அடிப்படையிலேயே பகை. நடுகல், இனி வரவே மாட்டான் என்பவனுக்காக நிற்பது. ரேஷன் கல், இதோ வந்துவிடுவார் என்பவருக்காக நிற்பது. நடுகல்லுக்கு ஆயிரம் ஆண்டானாலும் மரியாதை குறையாது. ரேஷன் கல்லுக்கு ஷட்டர் ஏறி, அதன் முறை வரும்வரைதான் உயிர். அதற்குள் ஆள் வராவிட்டால் அதே கல் வெறும் கல்லாகி, யார் காலிலாவது இடறி ஓரத்துக்குப் போகும். சாவைத் தாண்டி நிலைப்பது வீரம். டீ குடித்துவிட்டு வரும்வரை நிலைப்பது அதிகாரம். இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது தொல்லியலுக்கும் அரசியலுக்கும் ஒருசேரச் செய்யும் துரோகம். தண்ணீர்க் குழாயடியில் குடம் வரிசை வைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். அது குடத்தை முன்வைத்த தனிக் கிளை. 919இலும் 921இலும் உத்திரமேரூர்க் கல்வெட்டில் பதிவான குடவோலையோடு அதற்குள்ள உறவைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.

எல்லோர் கண்ணிலும் படுவது எப்படி ரகசியமாகும் என்பது மூன்றாம் தடை. கல் கண்ணில் படும், சட்டம் படாது. “கொஞ்சம் பாத்துக்குங்க” என்று ஒருவர் சொல்ல, “பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க” என்று முன்பின் தெரியாதவர் ஏற்கிறாரே, அதுதான் தீட்சை. அந்தக் கணத்திலிருந்து பையின் மானம் அவர் மானம். இந்தச் சங்கத்தின் சட்டப் புத்தகம் யாராலும் எழுதப்பட்டதில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். ஓர் அட்டைக்கு ஒரு கல். பக்கத்து வீட்டுக்காரருக்காக இன்னொரு பை வைக்கலாம், அது உபகாரம், மூன்றாவது பை வைத்தால் “கடையையே எழுதி வாங்கிட்டியா?” என்ற கண்டனத் தீர்மானம் உடனே நிறைவேறும். பித்தாகரியர் கேள்வியாளர், கணிதர் என்று இரண்டாகப் பிளந்ததுபோல இங்கேயும் கல் கட்சி, பை கட்சி என்று பிளவு உண்டு. பையை அடையாளம் சொல்லலாம், கல்லை எப்படிச் சொல்வது என்று பை கட்சி கேட்கும். பையைத் தூக்கிப் போக ஆசை வரும், கல்லைத் தூக்கிப் போக யாருக்கு ஆசை வரும் என்று கல் கட்சி திருப்பிக் கேட்கும். பொருளே இல்லாதவரின் உரிமைக்கு அதைவிட நல்ல வாதம் இல்லை.

அதிகாரம் என்றெல்லாம் பெரிய வார்த்தை எதற்கு, கிடைப்பது அரிசிதானே, அதுவும் 2011 ஜூனிலிருந்து இலவசம், எல்லோருக்கும் உண்டு என்பது நான்காம் தடை. அரிசி எல்லோருக்கும் உண்டு, நேரம் எல்லோருக்கும் இல்லை. முதல் பத்துக் கல்லுக்குள் இருப்பவர் அரிசியை வீட்டில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய் அன்றைய கூலியைப் பார்க்கலாம். ஐம்பதாவது கல்லுக்குக் கூலி போயிற்று, சில மாதங்களில் பருப்பும் பாமாயிலும் சேர்ந்து போயிற்று. குரோட்டனில் 300 பேர் பிடித்த அதிகாரம் ஒரு தீயில் போனது. ஏதென்ஸில் வழக்குகளிலும் பதவிகளிலும் கைகொடுத்துக்கொள்ளச் சத்தியம் செய்த சங்கங்கள் துணைநின்று கி.மு. 411இல் நானூறு பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். நாலு மாதம் தாங்கியது. இங்கேயும் கல்வராயன் மலையில் சடையகவுண்டன், குரும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்கள் தலைமுறை தலைமுறையாக அதிகாரம் செலுத்தினார்கள், 1976இல் முடிந்தது. தென்னார்க்காடு 1993இல் விழுப்புரமாயிற்று, விழுப்புரம் 2019இல் கள்ளக்குறிச்சியாயிற்று. கல் வரிசை மட்டும் கலையவில்லை. காரணம் எளிது: குரோட்டன் சங்கத்தார் சைலனை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள், அவர் நெருப்போடு வந்தார். கச்சிராயபாளையம் சங்கம் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. கோபித்துக்கொண்டு கத்துகிற சைலனுக்கும் “கடைசில ஒரு கல்ல வைங்க” என்பதுதான் பதில். மலையடிவாரத்தில் கல்லுக்கா பஞ்சம்? எந்த ரகசியச் சங்கம் ஊர் முழுவதையும் உறுப்பினராக்கிக்கொள்கிறதோ, அதைக் கொளுத்த வெளியே ஆள் மிஞ்சுவதில்லை.

கடைசித் தடை இயந்திரத்திலிருந்து வருகிறது. 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தது, 2020 அக்டோபரிலிருந்து விரல் ரேகையும் வைக்க வேண்டும். ஆள் நேரில் வந்தால்தான் அரிசி, எனவே இல்லாதவரின் அதிகாரம் செத்துவிட்டது என்பார்கள். தடையின் பாதியை ஏற்கலாம்: ஆள் வரத்தான் வேண்டும். வந்தபின் நடப்பதைப் பார்க்க வேண்டும். கரும்பில் சோகை உரித்தும் களை பறித்தும் ரேகை தேய்ந்துபோன விரல் ஒன்று இயந்திரத்தின்மேல் அழுந்துகிறது. பொருந்தவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி மறுபடி வைக்கிறார்கள். பொருந்தவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்து அடுத்த விரல், அதற்கடுத்த விரல். இப்படிப்பட்டவர்களுக்காகக் கருவிழி பார்க்கும் கருவியும் வந்துகொண்டிருக்கிறது. நேரில் வந்து நிற்கிற ஒருவரை நீ நீயில்லை என்கிறது இயந்திரம். விடியற்காலையில் அதே மனிதர் அங்கே இல்லாதபோது அவர் இருக்கிறார் என்று சொன்னது அரைச் செங்கல், ஊரும் அதை நம்பியது. இரண்டில் எது முன்னேறிய கருவி என்று தீர்ப்புச் சொல்வது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. படியின்மேல் உட்காராதே என்பதற்குப் பழைய உரைகாரர்கள் சொன்ன பொருளை மட்டும் இங்கே சேர்க்க வேண்டும்: இன்றைய படி கிடைத்தது போதும் என்று அதன்மேல் உட்கார்ந்துவிடாதே, நாளைக்கும் யோசி. கச்சிராயபாளையத்தில் அந்த உரை தேவைப்படுவதில்லை. எப்படியோ ரேகை பொருந்தி, மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர் தன் செங்கல்லை நடு வழியில் விட்டுப் போவதில்லை. மூட்டையோடு குனிந்து எடுத்து, சுவர் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார், அடுத்த மாதத்துக்கு.